கட்டுச்சோறும் தவக்குலும்
குடும்பத்தோடு ஹஜ்ஜுக்குச் செல்வோர் அறிய வேண்டிய செலவு முறைகள்



நமது கடற்கரை ஊர்களில், கடல் கடந்து சம்பாதிக்கப் போனவரைச் ‘சபுராளி’ என்று சொல்வார்கள். பயணம் என்று பொருள்படும் ‘ஸஃபர்’ என்ற அரபிச் சொல் நம் வீட்டுத் தமிழோடு கலந்து இப்படி ஒரு பெயராகிவிட்டது. பினாங்குக்கும் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போன அந்தப் பெரியவர்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். கப்பலுக்கு எவ்வளவு, கைச்செலவுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்து வைத்த பிறகுதான் படியிறங்குவார்கள்.

அதே குடும்பங்கள் ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது மட்டும் கணக்கு நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகின்றன. “அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறோம். அவன் பார்த்துக் கொள்வான். அங்கே போய்க் காசுக் கணக்குப் பேசலாமா?” என்கிறார்கள். கேட்பதற்கு இது பக்தியாகத்தான் தோன்றுகிறது. ஆனால், மார்க்கம் இதைத்தான் சொல்லியிருக்கிறதா? நாற்பது நாட்கள் வரை அயல்நாட்டில் குடும்பத்தோடு தங்கப் போகிற ஒருவர் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு புறப்படுவது அவசியம்.

யமன் நாட்டாரின் தவறு

அக்காலத்தில் யமன் நாட்டார் சிலர் வழியுணவு எதுவுமின்றி ஹஜ்ஜுக்கு வருவார்கள். “நாங்கள் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர்கள்” என்று சொல்லிக் கொள்வார்கள். மக்கா வந்து சேர்ந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். இதன் காரணமாகவே, வழிக்கு வேண்டியதைத் திரட்டிக் கொள்ளுமாறு கட்டளையிடும் வசனம் அருளப்பட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். இந்த அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. அந்த வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனமாகும்.

வழியுணவுகளில் மேலானது இறையச்சம் என்றும் அந்த வசனமே சொல்கிறது. இந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, “தக்வா இருந்தால் போதும், பணம் எதற்கு?” என்று வாதிப்போர் உண்டு. கட்டளையே முதலில் ‘திரட்டிக் கொள்ளுங்கள்’ என்றல்லவா தொடங்குகிறது! பிறரிடம் கையேந்தாமல் தன் மானத்தைக் காத்துக்கொள்வதும் இறையச்சத்தைச் சேர்ந்ததே. சோற்று மூட்டையும் தக்வாவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதுதான் அங்கே கிடைக்கும் பாடம்.

இப்ராஹீம் நபி வைத்துச் சென்ற தோல்பை

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே நாம் ஓடுகிறோமே, அது யாருடைய ஓட்டம்? நம் அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் ஓட்டம். இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் மனைவியையும் பால்குடிப் பிள்ளையையும் அந்த வறண்ட பள்ளத்தாக்கில் விட்டுச் சென்றது அல்லாஹ்வின் கட்டளைப்படி. அப்போதும் வெறுங்கையோடு விட்டுச் செல்லவில்லை. பேரீச்சம்பழம் உள்ள ஒரு தோல்பையையும், தண்ணீர் உள்ள ஒரு துருத்தியையும் அவர்கள் அருகில் வைத்துச் சென்றார்கள் என்று புகாரி ஹதீது சொல்கிறது.

தவக்குலில் இப்ராஹீம் நபியை மிஞ்சியவர் நம்மில் யார்? அவர்களே இருந்ததை வைத்துவிட்டுத்தான் துஆ கேட்டார்கள். அந்தத் தண்ணீர் தீர்ந்த பிறகும் அன்னையவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை, எழுந்து ஓடினார்கள். அதன் பிறகு வந்ததுதான் ஜம்ஜம். நம்முடைய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்ததாக ஹதீதில் வருகிறது. ஆகவே முன்கூட்டிக் கணக்கிடுவது நம்பிக்கைக் குறைவன்று, நபிமார்களின் வழிமுறையே ஆகும்.

புறப்படுமுன் தீர்க்க வேண்டியவை

பயணச் செலவைப் பேசுவதற்கு முன்னால் மூன்று காரியங்களைப் பார்த்தாக வேண்டும்.

முதலாவது கடன். போய்த் திரும்பும் செலவு, கடன் போக மிஞ்சியதாக இருந்தால்தான் ஹஜ்ஜுக்குச் சக்தி பெற்றவர் ஆவார் என்று ஷாஃபிஈ சட்ட நூல்கள் கூறுகின்றன. தவணை இன்னும் வராத கடனும் இதில் சேரும். சக்தியில்லாதவர் வட்டிக்கு வாங்கிப் போக வேண்டும் என்று மார்க்கம் கேட்கவே இல்லை. கடனிருந்தால் ஒன்று தீர்க்க வேண்டும், அல்லது கடன் கொடுத்தவரின் சம்மதத்தைப் பெற்று, யாருக்கு எவ்வளவு என்று எழுதி, ஒரு நம்பிக்கையான மனிதரிடம் ஒப்படைத்துச் செல்ல வேண்டும். மரண சாசனம் செய்ய வேண்டிய விஷயம் உள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று பெருமானார் (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, வீட்டில் விட்டுச் செல்வோரின் செலவு. நாம் போய்த் திரும்பும் வரை அவர்களுக்கு வேண்டியது ஹஜ் செலவுக்கு முந்திய கடமை. இதில் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. வீட்டு வாடகை, பால், மளிகை, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெரியவர்களின் மருந்து — இவற்றை மாதவாரியாக எழுதிப் பாருங்கள். நாற்பது நாள் பயணத்துக்கு இரண்டு மாதச் செலவை ரொக்கமாகக் கொடுத்துச் செல்வது நல்லது. தன் பொறுப்பில் உள்ளவர்களைப் பாழாக விடுவது ஒரு மனிதனுக்குப் பாவத்தால் போதுமானது என்ற கருத்துப்பட அபூதாவூதில் ஒரு ஹதீது உண்டு. கஃபாவின் திரையைப் பிடித்து நாம் அழும் நேரத்தில், ஊரில் நம் பிள்ளை பக்கத்து வீட்டில் கடன் கேட்டு நிற்கலாமா?

மூன்றாவது ஜகாத். ஹஜ்ஜுக்கென்று பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பணம் நிஸாபை எட்டி, ஓராண்டு நம் கையில் நிறைந்துவிட்டால், அதற்கும் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் உண்டு. ‘இது ஹஜ்ஜுப் பணம்தானே’ என்று விட்டுவிடுபவர்கள் பலர். ஒரு கடமைக்காகச் சேர்த்த பணத்தில் இன்னொரு கடமையை விழுங்கிவிடக் கூடாது.

யாருடைய செலவு யார் மீது?

குடும்பமாகச் செல்லும்போது எழும் மனக்கசப்புகளில் பாதி, இதைத் தெளிவாகப் பேசாததால் வருவதே. மனைவியின் ஹஜ்ஜுக்கான பயணக் கட்டணம் கணவன் மீது கடமையன்று. அவன் மனமுவந்து கொடுத்தால் பெரும் நன்மை. ஆனால் கூடவே அழைத்துச் செல்லும்போது அவளது வழக்கமான உணவுச் செலவு அவன் பொறுப்பிலேயே இருக்கிறது. மனைவியின் மஹரும் நகையும் அவளுடைய சொத்து. அதை விற்றுப் பயணத்துக்குச் சேர்ப்பதானால் அவளுடைய முழுச் சம்மதம் வேண்டும். கடனாக வாங்கினால் எழுதிக் கொள்ள வேண்டும். ‘எல்லாம் ஒன்றுதானே’ என்ற பேச்சில் ஒரு பெண்ணின் உரிமை கரைந்து போகக் கூடாது.

மகன் தன் செலவில் பெற்றோரை அழைத்துச் சென்றால் அவர்களுடைய ஃபர்ளு நிறைவேறிவிடும். சிறு பிள்ளைகளின் ஹஜ்ஜும் உம்ராவும் செல்லும், ஆனால் ஃபர்ளு ஆகாது. பிள்ளையைப் பயணத்தில் அழைத்துச் செல்வதால் கூடுதலாகும் செலவு பொறுப்பாளரைச் சாரும் என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான சொல். பிள்ளைக்கென்று பாட்டனார் கொடுத்து வைத்த சொத்திலிருந்து அதை எடுக்கலாகாது.

உம்மாவின் ஏழு முடிச்சுகள்

இனி நான் சொல்லப் போவது என்னுடைய சொந்தத் தவறு. 2011ஆம் ஆண்டு என் உம்மா, மனைவி, தம்பி ஆகியோருடன் ஹஜ் கமிட்டி மூலமாகச் சென்றேன். நாம் கட்டியிருந்த பணத்திலிருந்து ஒவ்வொருவர் கையிலும் 2100 ரியால் கொடுக்கும் ஏற்பாடு அந்நாளில் இருந்தது. 2023ஆம் ஆண்டு ஹஜ் முதல் அது கட்டாயமில்லை என்றாகி, ரியாலை ஹாஜிகளே திரட்டிக் கொள்ளும்படி ஆகிவிட்டது. “அவரவர் பணம் அவரவரிடமே இருக்கட்டும், அவரவர் சாப்பாட்டை அவரவர் பார்த்துக் கொள்ளலாம்” என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். அது நியாயம் என்றும் நினைத்துக் கொண்டேன்.

நாங்கள் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் உம்மா, “எனக்குப் பசியில்லை வாப்பா, இப்போதுதான் பேரீச்சம்பழம் சாப்பிட்டேன்” என்பார்கள். ஹரமில் ஜம்ஜம் குடித்தேன், வயிறு நிறைந்துவிட்டது என்பார்கள். பன்னிரண்டாம் நாள் தவாஃபின் மூன்றாவது சுற்றில் அவர்கள் கால் மடங்கிச் சரிந்துவிட்டார்கள். பார்த்த மருத்துவர், நோய் ஒன்றுமில்லை, சரியாகச் சாப்பிடாத பலவீனம்தான் என்றார்.

அன்றிரவு என் மனைவி உம்மாவின் பையைத் திறந்தபோது ஒரு பழைய தாவணித் துணி இருந்தது. அதில் ஏழு முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் ரியால் நோட்டு. எழுதப் படிக்கத் தெரியாத உம்மா, ஏழு பேரப்பிள்ளைகளுக்கு ஏழு முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்திருந்தார்கள். நான் கோபப்பட வாயெடுத்தேன். “உன் வாப்பா மவுத்தான பிறகு, என் கையால் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் வாங்கிக் கொடுத்ததில்லை வாப்பா” என்றார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை.

குற்றம் உம்மாவுடையதா? இல்லை. வயிற்றுக்கா, பேரப்பிள்ளைகளுக்கா என்று அவர்களையே தேர்ந்தெடுக்கும்படி விட்டவன் நான். மறுநாளே நால்வர் பணத்தையும் ஒரு பையில் சேர்த்தோம். சாப்பாடு எல்லோருக்கும் அந்தப் பையிலிருந்து வந்தது. உம்மாவுக்கென்று 200 ரியால் தனியாகக் கொடுத்து, “இது பிள்ளைகளுக்கு வாங்க மட்டும். இதிலிருந்து நீங்கள் சாப்பிடக் கூடாது” என்று சொன்னோம். அன்று மதியம் உம்மா வயிறாரச் சாப்பிட்டார்கள்.

பொதுப்பை

நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்ட இந்த முறை புதியதன்று. அஷ்அரீ குலத்தார் போர்ப் பயணத்தில் உணவு குறைந்தாலோ, மதீனாவில் குடும்பத்தாருக்கு உணவு சுருங்கினாலோ, தங்களிடம் உள்ளதை ஒரே துணியில் கொட்டிச் சேர்த்து, ஒரே பாத்திரத்தால் சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்கள். அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்றும், தாம் அவர்களைச் சேர்ந்தவர் என்றும் பெருமானார் (ஸல்) புகழ்ந்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மேலும், மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக் கொள்ளும்படியும் ஏவியிருக்கிறார்கள்.

ஆகவே உணவு, போக்குவரத்து, மருந்து ஆகியவற்றுக்கு ஒரு பொதுப்பை. அதற்கு ஓர் அமீர். தினம் இஷாவுக்குப் பின் ஐந்து நிமிடம் கணக்கெழுத ஒரு குறிப்பேடு. அமீர் வீட்டுக்கு மூத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கில் நிதானமுள்ள மருமகளாகவும் இருக்கலாம். பணம் முழுவதையும் ஒருவரே சுமக்கக் கூடாது. கூட்டத்தில் ஒரு பை போனாலும் குடும்பம் நிற்காதபடி இரண்டு மூன்று பேரிடம் பிரித்து வையுங்கள். இஹ்ராமில் இருக்கும் ஆண்கள் பணப்பட்டையை இடுப்பில் கட்டிக் கொள்ளத் தடையில்லை.

செலவுப் பட்டியல்

கணக்குப் போடும் முறைக்காக ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். விலைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நீங்கள் செல்லும் ஆண்டின் விலையை அண்மையில் போய் வந்தவரிடம் கேட்டு மாற்றிக் கொள்ளுங்கள். பயணக் கட்டணமும் தங்குமிடமும் முன்பே கட்டியாகிவிட்டது என்று கொள்வோம். நால்வர், நாற்பது நாட்கள்:

உணவு, நபருக்கு நாளொன்றுக்கு 30 ரியால் வீதம் — 4800 ரியால்.
போக்குவரத்து, துணி வெளுப்பு, மருந்து, தொலைபேசி, நபருக்கு நாளொன்றுக்கு 5 ரியால் வீதம் — 800 ரியால்.
குர்பானிப் பிராணி, நபருக்கு 750 ரியால் வீதம் — 3000 ரியால்.
ஆக 8600 ரியால்.
எதிர்பாராத செலவுக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு — 1720 ரியால்.
அன்பளிப்புகளுக்கு — 680 ரியால்.
மொத்தம் 11,000 ரியால்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சவூதியில் 2018இல் 5 சதவீதமாகத் தொடங்கிய மதிப்புக் கூட்டு வரி, 2020 ஜூலை முதல் 15 சதவீதமாக உயர்ந்தது. பழைய ஹாஜிகள் சொல்லும் விலையை அப்படியே நம்பினால் கையைக் கடிக்கும். இன்னொன்று, 1986 முதல் சவூதி ரியாலின் மதிப்பு ஓர் அமெரிக்க டாலருக்கு 3.75 என்றே நிலையாக இருக்கிறது. ஆகவே டாலருக்கு எதிராக நம் ரூபாய் சரிந்தால் ரியாலும் அதே அளவு விலை ஏறும். முழுத் தொகையையும் கடைசி வாரத்தில் மாற்றாமல், சில மாதங்களில் சிறிது சிறிதாக மாற்றி வைப்போருக்கு அதிர்ச்சி குறையும்.

பணம் தட்டினால் கடன் அட்டையைத் தேய்த்துக் கொள்ளலாம் என்று போகாதீர்கள். தவணை தவறினால் அது வட்டியில் போய் முடியும். ஹஜ்ஜின் செலவில் வட்டி கலப்பதைவிடக் கைசேதம் வேறென்ன?

ஆளுக்கு ஓர் ஆடு

பல குடும்பங்கள் தடுமாறும் இடம் இது. ஊரில் பெருநாளைக்குக் குடும்பத்துக்கு ஓர் ஆடு கொடுத்துப் பழகியவர்கள், அங்கும் ஓர் ஆடு போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். நம் நாட்டார் பெரும்பாலும் செய்வது, முதலில் உம்ராவை முடித்துப் பின்னர் ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டும் தமத்துஃ முறை. இதில் ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே ஓர் ஆடு, அல்லது மாட்டிலோ ஒட்டகத்திலோ ஏழில் ஒரு பங்கு கடமையாகிறது. நால்வர் சென்றால் நான்கு ஆடு. இந்தத் தொகையை முதல் நாளே தனியாகக் கட்டி வையுங்கள். 1983இல் தொடங்கிய குர்பானித் திட்டம் போன்ற அனுமதி பெற்ற வழியிலேயே கொடுங்கள். தெருவில் குறைந்த விலை சொல்லும் முகம் தெரியாதவரிடம் கொடுத்து ஏமாற வேண்டாம்.

உண்மையிலேயே அங்கு முடியாதவருக்கு அல்லாஹ் வழி வைத்திருக்கிறான். ஹஜ்ஜின்போது மூன்று, ஊர் திரும்பியதும் ஏழு, ஆகப் பத்து நோன்புகள். ஊரில் பணமிருந்து கையில் இல்லாதவரும் இதில் சேருவார். மூன்று நோன்பையும் அரஃபா நாளுக்கு முன் முடிப்பதானால், துல்ஹஜ் 6ஆம் பிறைக்கு முன்பே ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டிவிட வேண்டும். இதை எட்டாம் பிறையில் யோசித்தால் பயனில்லை.

எதிர்பாராத செலவுக்கென்ற பங்கு ஏன்? வாஜிபான ஒன்று தவறிவிட்டால் பரிகாரமாக ஓர் ஆடு கொடுக்க வேண்டி வரலாம். நோய் வரலாம், சாமான் தொலையலாம். அல்லாஹ் ஜகாத் பெறும் எட்டு வகையாரில் வழிப்போக்கரையும் சேர்த்திருப்பது, வழியில் இடர்ப்பட்டவருக்கு அவன் காட்டும் பெரும் கருணை. அந்தக் கருணையை எதிர்பார்த்தே பையை முன்கூட்டிக் காலி செய்வது அடியானுக்கு அழகல்ல. ஆகவே இந்தப் பங்கைத் திரும்பும் பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்வரை திறக்காதீர்கள்.

விருந்தும் அன்பளிப்பும்

வழியனுப்பு விருந்துக்கும், வேன் வேனாக விமான நிலையம் போகவும், திரும்பியதும் தெருவெல்லாம் கொடுக்கும் சாமான்களுக்கும் ஆகும் செலவைப் பார்த்தால், சில வீடுகளில் அதுவே இன்னொருவரின் பயணக் கட்டணத்தை எட்டிவிடும். வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருமறை கடிந்துரைக்கிறது (17:27). உறவினர் மனம் கோணுமே என்று அஞ்சிக் கடன் வாங்கி விருந்து வைத்தவர், அந்த உறவினரில் எவரும் அந்தக் கடனைப் பங்கிட வரமாட்டார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அன்பளிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. உம்மாவின் ஏழு முடிச்சுகளைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. அளவும் இடமும் தெரிந்து கொடுக்க வேண்டும் என்கிறேன். மக்காக் கடைகளில் குவிந்திருக்கும் விரிப்புகளிலும் தஸ்பீஹ் மணிகளிலும் பெரும்பகுதி வேறு நாடுகளிலிருந்து வந்தவை. அவற்றை அள்ளிக் கட்டி, கூடுதல் எடைக்கு விமானத்தில் பணம் கட்டுவது எதற்கு? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஜம்ஜம் தண்ணீரை எடுத்துச் செல்வார்கள் என்று திர்மிதியில் வருகிறது. ஒரு மிடறு ஜம்ஜமும் இரண்டு பேரீச்சம்பழமும் கொடுத்து, “உங்கள் பெயர் சொல்லி துஆ கேட்டேன்” என்று சொல்லுங்கள். அதைவிட மேலான அன்பளிப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கஞ்சத்தனமும் வேண்டாம். செலவு செய்தால் விரயமும் செய்யாமல், சுருக்கவும் செய்யாமல் நடுநிலையில் நிற்போரை அல்லாஹ் தன் நல்லடியார்களின் அடையாளமாகச் சொல்கிறான் (25:67). வயதான தாயைக் காலால் நடக்கவிட்டு வண்டிச் சத்தத்தை மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது.

ஊர் திரும்பியதும் ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து குறிப்பேட்டை முடியுங்கள். மிஞ்சியதைப் பங்கிடுங்கள். கைமாற்று வாங்கியிருந்தால் கொடுத்துத் தீருங்கள். நோன்பு பாக்கியிருந்தால் நோற்று முடியுங்கள். பிறகு அந்த நோட்டை, அடுத்த ஆண்டு போகப் போகும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள். அதுவும் ஒரு ஸதகாதான்.

எங்கள் குறிப்பேடு இன்றும் வீட்டில் இருக்கிறது. உம்மா இப்போது இல்லை. அதன் நடுவே அந்தத் தாவணித் துணியை மடித்து வைத்திருக்கிறேன்.

எல்லாம் வல்ல அல்லாஹ், கையேந்தாமல் போய், கடனில்லாமல் திரும்பி, ஒருவர் பசியில் ஒருவர் மிச்சம் பிடிக்காத பயணத்தை நம் அனைவருக்கும் நஸீபாக்குவானாக! நம் ஹஜ்ஜுகளை ஏற்றுக் கொள்வானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!